நிலக்கரிச் சுரங்கத்து இறகுகள்

(உளுந்தூர்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் கொமாந்திரி என்றொரு சிற்றூர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊருக்குச் சோறு போட்டது நிலக்கரிச் சுரங்கம். 1880-இல் அங்கே வெட்டியெடுத்த பாறைப் பலகை ஒன்றில் ஓர் இறகின் அச்சு தெரிந்தது. நெருக்கமாகப் பின்னிய நரம்புகள், நீண்டு ஒடுங்கிய வடிவம். தட்டாம்பூச்சியின் இறகு என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். நம்ப முடியாமல் இருந்தது அளவுதான். ஓர் இறகு மட்டுமே ஓர் அடிக்கு மேல் நீண்டிருந்தது.

பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரோஞ்யார் என்ற இளம் அறிஞர் 1885-இல் அந்தப் பூச்சிக்கு மெகானியூரா மோனி என்று பெயரிட்டார். இரண்டாம் பகுதி, சுரங்கத்தின் இயக்குநராக இருந்த மோனியின் நினைவாக வந்தது. இறகுகளை விரித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 65 முதல் 70 சென்டிமீட்டர். நம் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் காக்கை இறகை விரித்தால் எவ்வளவு இருக்குமோ, அதைவிடச் சற்றே குறைவு. ஆனால் இது பூச்சி. வாழ்ந்த காலம் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது பறவை கிடையாது, வௌவால் கிடையாது, டைனோசர்கூடத் தோன்றவில்லை. வானம் முழுக்கப் பூச்சிகளுக்கே உரிமையாக இருந்தது.

இந்தப் பூச்சியும் இதன் உறவினங்களும் சேர்ந்ததே மெகானியூரிடே என்னும் குடும்பம். இன்று அந்தக் குடும்பத்தில் ஓர் உயிர்கூட மிச்சமில்லை. பாறையில் பதிந்த அச்சுகளே அதன் முழு வரலாறு.

அந்த அச்சுகள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். பி.காம். படித்தவர்களும் மேலாண்மை படித்தவர்களும் ஹென்றி ஃபயோல் என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். நிர்வாகத்தின் 14 கோட்பாடுகளை எழுதினாரே, அவர்தான். அவருடைய நிர்வாக நூல் வந்தது 1916-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1860-இல், பத்தொன்பது வயதுப் பொறியாளராகக் கொமாந்திரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1866-இல் அதன் பொறுப்பாளர் ஆனார். நிலக்கரி எப்படி உண்டாயிற்று என்ற கேள்வி அவரைவிட்டு அகலவே இல்லை. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மரமும் இலையும் ஏரியில் படிந்து அடுக்கடுக்காக நிலக்கரி ஆயின என்று அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். அந்தக் கேள்வி மனதில் இருந்ததால், நிலக்கரியோடு வெளிப்பட்ட இலை அச்சு, மீன் அச்சு, பூச்சி அச்சு எதையும் கழிவென்று தள்ளாமல் திரட்டிவைத்தார். அந்தத் திரட்டே பிரோஞ்யாரின் கைக்குப் போயிற்று. 1893-இல் பிரோஞ்யார் வெளியிட்ட பெரிய ஆய்வு கொமாந்திரிப் பூச்சிகளின் மேல் எழுந்தது. இத்தனைக்கும் கொமாந்திரி ஓர் அறிவியல் நிலையம் அல்ல. கரி வெட்டி விற்கும் இடம். எரிக்கப் போகிற பொருளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒருவர் இருந்தார் என்பதுதான் முக்கியம்.

இந்தக் குடும்பத்தை எப்படித் தனியாகப் பிரித்தார்கள் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஏரிக்கரையில் செத்துக் கிடக்கும் தட்டாம்பூச்சியின் இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். இறகின் முன்விளிம்பில் ஏறக்குறைய நடுவே சிறிய கணு ஒன்று தெரியும். விளிம்பு நரம்பு அந்த இடத்தில் ஒரு முறை உடைந்து சேர்ந்ததுபோல் இருக்கும். பறக்கும்போது இறகு முறுக்கிக்கொடுப்பதற்கு அந்தக் கணு உதவுகிறது. அங்கிருந்து நுனியை நோக்கிப் போனால், விளிம்பை ஒட்டி நிறமுள்ள பொட்டு ஒன்று இருக்கும். மற்ற இடங்களைவிடக் கனமான அந்தப் பொட்டு, வேகமாகப் பறக்கையில் இறகு படபடத்து ஆடாமல் காக்கிறது. இறகை விரலால் தடவினால் சமதளமாக இருக்காது. ஒரு நரம்பு மேடு, அடுத்த நரம்பு பள்ளம் என்று மடிப்பு மடிப்பாக இருக்கும். இத்தனை மெல்லிய சவ்வு காற்றில் மடங்காமல் நிற்பது அந்த மடிப்புகளால்தான்.

மெகானியூராவின் இறகில் மேடு பள்ள மடிப்பு இருந்தது. ஆனால் நடுக்கணு இன்றைய வடிவில் இல்லை; நுனிப் பொட்டும் இல்லை. அதனால்தான் இவற்றை மெய்யான தட்டான்களின் வரிசையில் வைக்காமல் மெகானிசாப்டெரா என்று தனி வரிசை வகுத்தார்கள். தட்டானுக்கு இவை பாட்டன் அல்ல, பங்காளி. இரண்டு கிளைகளும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தன. ஒரு கிளை பட்டுப்போயிற்று, மற்றது இன்றும் நம் ஏரிகளின் மேல் பறக்கிறது.

உணவு வேட்டைதான். வலுவான தாடை, முள் அடர்ந்த கால்கள். பறந்துகொண்டே இரையைக் கால்களால் அணைத்துப் பிடிக்கும் வழக்கம் இன்றைய தட்டானுக்கு உண்டு. மெகானியூராவும் அப்படித்தான் வேட்டையாடியிருக்க வேண்டும். அதன் இரைகளும் வியப்புக்குரியவை. அதே கொமாந்திரியில் கிடைத்த ஸ்டெனோடிக்டியா என்ற பூச்சிக்கு வழக்கமான நான்கு இறகுகளோடு, கழுத்தருகே இரண்டு சிறிய இறகு மடல்களும் இருந்தன. நீண்ட அலகால் தாவரச் சாறு உறிஞ்சி வாழ்ந்த அந்த வகையும் அடியோடு அழிந்துவிட்டது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எல்மோ என்ற இடத்துப் பாறைகளில் இதைவிடப் பெரிய உறவினம் கிடைத்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிராங்க் கார்ப்பென்டர் 1939-இல் அதற்கு மெகானியூரோப்சிஸ் பெர்மியானா என்று பெயர் வைத்தார். இறகு விரிப்பு சுமார் 71 சென்டிமீட்டர். இதுவரை அறியப்பட்ட பூச்சிகளில் இறகு விரிப்பில் இதுவே முதலிடம். இன்று உயிரோடிருக்கும் தட்டான் இனங்களில் இறகு விரிப்பு மிகுந்தது நடு அமெரிக்கக் காடுகளில் வாழும் ஊசித்தட்டான் ஒன்று; அதற்கே 19 சென்டிமீட்டர்தான். ஐப்பசி மழைக்கு முன்னே உளுந்தூர்பேட்டை வயல்களின் மேல் கூட்டம் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானுக்கு 8 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும்.

ஏன் அப்போது அவ்வளவு பெரிது? பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியே காற்று நுழைந்து, கிளை கிளையாகப் பிரியும் நுண்குழாய்களில் ஓடித் தசைகளை நேராக எட்டுகிறது. உடல் பெருத்தால் குழாயும் நீள வேண்டும், அகல வேண்டும். ஓர் அளவுக்கு மேல் உள்ளே இருக்கும் தசைக்கு ஆக்சிஜன் போதாது. இன்று காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. மெகானியூரா பறந்த காலத்தில் அது 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது என்று கணக்கிடுகிறார்கள். சதுப்புக் காடுகள் செத்து மட்காமல் மண்ணுக்குள் புதைந்தன. கரி மண்ணில் தங்கிற்று, ஆக்சிஜன் காற்றில் மிஞ்சிற்று. எந்த நிலக்கரி அந்தப் பூச்சியின் இறகைக் காத்துவைத்ததோ, அதே நிலக்கரி உருவானதுதான் அந்தப் பூச்சி பெருக்க வழிசெய்த காற்றையும் தந்தது. நிலவியலில் இவ்வளவு அழகான பொருத்தம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் வாண்டென்புரூக்சும் அவர் குழுவினரும் ஆக்சிஜன் கூடிய காற்றில் தட்டான்களை வளர்த்தபோது, அவை வழக்கத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு பெரிதாயின. கரப்பான் பூச்சிகளை அப்படி வளர்த்தபோது அவை பெரிதாகவில்லை. ஆக, எல்லாப் பூச்சிக்கும் ஒரே விதி இல்லை. 2012-இல் கிளாப்ஹமும் கார் என்பவரும் 10,500-க்கும் மேற்பட்ட புதைபடிவ இறகுகளின் நீளத்தைத் தொகுத்து ஒரு வரைபடம் போட்டார்கள். ஆக்சிஜன் ஏறினால் மிகப் பெரிய பூச்சியின் அளவும் ஏறிற்று, இறங்கினால் இறங்கிற்று. இந்த ஒற்றுமை ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை நீடித்தது. அதன் பிறகு ஆக்சிஜன் ஏறியும் பூச்சி பெருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பறவைகள் வந்து சேர்ந்தன. பருத்து மெதுவாகத் திரும்பும் பூச்சி பறவையின் வாய்க்குப் போயிற்று. சிறிய, சுறுசுறுப்பான பூச்சி தப்பிற்று.

மெகானியூரிடே குடும்பம் பறவையைப் பார்க்கவே இல்லை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெர்மியன் காலம் பேரழிவோடு முடிவதற்குள் அதன் கதை முடிந்துவிட்டது. ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று ஒரே வரியில் சொல்வது எளிது. ஆனால் பெர்மியனின் பிற்பகுதியில், ஆக்சிஜன் ஏற்கெனவே இறங்கத் தொடங்கிய காலத்திலும், பெரிய இறகுள்ள உறவினங்கள் பிரான்சில் கிடைத்திருக்கின்றன. எனவே காரணம் ஒன்றல்ல, பல என்று கொள்வதே நியாயம்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கல்வராயன் மலையில் இப்படி ஓர் இறகு கிடைக்குமா? கிடைக்காது. அந்த மலையின் சார்னோகைட்டும் நைஸ் பாறைகளும் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அவை உருவானபோது பூச்சி என்ன, செடிகூட உலகில் இல்லை. கிழக்கே விருத்தாசலத்தை நெருங்கினால் கதை மாறுகிறது. அங்கே கிரெட்டேசியக் காலக் கடலின் படிவுகள் உள்ளன. 1840-களில் சென்னை மாகாண அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் திரட்டிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் 1846-இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்து எழுதினார். ஆனால் அலையடிக்கும் கடலில் பூச்சியின் உடல் நிலைப்பது அரிது. பூச்சி நிலைக்கச் சலனமில்லாத நீரும் மென்மையான சேறும் வேண்டும். அல்லது பிசின் வேண்டும்.

பிசின் என்றதும் நாட்டு மருந்துக் கடைக்குப் போகலாம். குங்கிலியம் கேட்டால் மங்கலான மஞ்சள் நிறத்தில், உடைந்த விளிம்பு கண்ணாடியாக மின்னும் கட்டிகளை நிறுத்துத் தருவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மரப்பட்டைத் துணுக்கும் காற்றுக் குமிழும் சில சமயம் எறும்பின் காலும் தெரியும். திருக்கடவூரில் குங்கிலியத் தூபமிடும் தொண்டுக்காகவே ஒருவர் நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார். குங்கிலியம் தருவது சால மரக் குடும்பம். தாவரவியலில் டிப்டெரோகார்ப் குடும்பம். பட்டை கீறினால் இந்த மரங்கள் பிசின் வடிக்கும். வடியும் பிசினில் ஒட்டிய பூச்சி மேலே வழியும் அடுத்த துளியில் மூழ்கும். அது மண்ணில் புதைந்து கோடி ஆண்டுகள் இறுகினால் அம்பர்.

குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரித் திறந்தவெளிச் சுரங்கம் இருக்கிறது. பக்கத்து அனல்மின் நிலையத்துக்காக வெட்டப்படுவது. நம் நெய்வேலியின் சிறிய தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கரி அடுக்குகளுக்கிடையே அம்பர் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் கவனித்து, 2005-ஐ ஒட்டி எழுதத் தொடங்கினார்கள். லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஹுகம் சிங், கார்வால் பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர சிங் ராணா, ஜெர்மனியின் ஜெஸ் ரஸ்ட், அமெரிக்காவின் டேவிட் கிரிமால்டி, மைக்கேல் எங்கல் ஆகியோர் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தைத் திருப்பியது. வஸ்தானிலும் அருகிலுள்ள தட்கேஷ்வரிலும் 150 கிலோ அம்பர் சேகரித்தார்கள். அதில் 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்தி போன்ற கணுக்காலிகளும் இருந்தன. அவை 14 வரிசைகளையும் 55 குடும்பங்களையும் சேர்ந்தவை. வயது, 5 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

அந்த அம்பரின் வேதியியல் டிப்டெரோகார்ப் குடும்பத்தைக் காட்டியது. அதாவது குங்கிலியத்தின் சொந்தம். ஆசியக் காடுகளில் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை கருதப்பட்ட வயது இதனால் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அம்பருக்கு இன்னொரு தனித்தன்மையும் இருந்தது. பால்டிக் கடலோர அம்பர் கல்லாக இறுகிவிடும்; உள்ளே இருக்கும் பூச்சியைக் கண்ணால் பார்க்கலாம், தொட முடியாது. வஸ்தான் அம்பர் அந்த அளவுக்கு இறுகவில்லை. டொலுயீன் போன்ற கரைப்பானில் போட்டால் பிசின் கரைந்து, 5 கோடி ஆண்டுப் பூச்சி முழு உடலோடு வெளியே வருகிறது. மயிர்க்கால் வரை நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

அதைப் பார்த்தவர்கள் எதிர்பார்த்தது வேறு. மடகாஸ்கரைவிட்டு இந்தியா ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தது. ஆசியாவோடு முட்டியது 5 கோடி ஆண்டுகளை ஒட்டி. இடைப்பட்ட நெடுங்காலம் தனித்தீவாக மிதந்த நிலத்தில் வேறெங்கும் இல்லாத பூச்சிகள் நிறைந்திருக்கும் என்றுதான் எண்ணினார்கள். பிசினில் அகப்பட்டவையோ பால்டிக் அம்பரிலும் ஆசியாவிலும் நடு அமெரிக்காவிலும்கூட உறவு உள்ளவை. பிசினைச் சுமந்து வாழ்ந்து பிற்காலத்தில் அழிந்துபோன மெலிகெர்டினி என்ற தேனீக் குழு இதற்கு நல்ல சான்று. வடக்கே பால்டிக் அம்பரிலும் இருக்கிறது, தெற்கே வஸ்தானிலும் இருக்கிறது. ஆசியாவுக்கும் மிதந்து வந்த இந்தியாவுக்கும் இடையே எரிமலைத் தீவு வரிசைகள் இருந்தன. அவற்றைப் படியாக வைத்துப் பூச்சிகள் இரு பக்கமும் போய்வந்திருக்கின்றன என்று விளக்குகிறார்கள். நிலம் முட்டுவதற்கு முன்பே பூச்சிகள் எல்லையைக் கடந்துவிட்டன.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. முதல் மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பி விளக்கைச் சுற்றும் ஈசலை அறியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். புற்றுக் கட்டும் கறையான்கள் அடங்கிய டெர்மிடிடே குடும்பத்தின் அன்றைய மிகப் பழைய சான்றாக 2011-இல் பதிவானது வஸ்தான் அம்பரிலிருந்து வந்த ஒரு சின்னஞ்சிறு கறையான்தான்.

இப்போது நெய்வேலி. உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கறுப்பாகக் கிளம்பிய பொருள்தான் தொடக்கம். 1956-இல் நிறுவனம் அமைந்தது; 1961-இல் பழுப்பு நிலக்கரி அடுக்கு வெளிப்பட்டது. அன்றுமுதல் வாளிச்சக்கர இயந்திரங்கள் ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கரிக்கு மேலே கடலூர் மணற்கல் கிடக்கிறது. விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் அந்த மணற்கல்லைச் சேர்ந்தவை. 1781-இலேயே சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைக் குறித்திருக்கிறார். 1950-களிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் சி. ஜி. கே. ராமானுஜம் முதலியோர் பழைய தென்னாற்காட்டின் கல்மரங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். இந்த மணற்கல்லில் இனங்காணப்பட்ட மரங்களில் டிப்டெரோகார்ப் மரங்களும் உண்டு. குங்கிலியம் வடிக்கும் மரங்கள் ஒரு காலத்தில் இந்த மண்ணிலேயே காடாக நின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அப்படியானால் அந்த மரங்களில் ஒட்டிய பூச்சிகள் எங்கே? இந்தக் கேள்வியை இந்தப் பகுதி மாணவர்கள் தங்கள் சொந்தக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கொமாந்திரியில் இறகு கிடைத்தது, வஸ்தானில் கறையான் கிடைத்தது. இரண்டு இடத்திலும் கரியோடு சேர்ந்து எரிந்துபோயிருக்க வேண்டியவைதான். கொதிகலனுக்குப் போகும் ஒவ்வொரு பாரமும் திரும்ப வராது. சுரங்கத்தின் உள்ளே அனுமதியில்லாமல் யாரும் போகக் கூடாது, போகவும் முடியாது. ஆனால் சுரங்கத்தில் வேலை செய்யும் பல்லாயிரம் பேரின் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. முறையாக விண்ணப்பித்து, கரி அடுக்கு புதிதாக வெட்டப்படும் முகப்பில் ஆசிரியரும் மாணவரும் நின்று பார்க்க ஏற்பாடு செய்வது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

என்ன தேட வேண்டும் என்பதும் கடினமில்லை. கறுப்பு, பழுப்புக் கரிக்கு நடுவே மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ சிவந்த பழுப்பாகவோ கடுகு முதல் புளியங்கொட்டை அளவு வரை மின்னும் துணுக்குகள். சாதாரண நீரில் மூழ்கும், உப்பைக் கரையும் மட்டும் கரைத்த நீரில் மிதக்கும். அனல்பட்டால் குங்கிலிய மணம் வீசும். ஆனால் கிடைத்த துண்டைச் சுட்டுப் பார்க்கக் கூடாது, உடைந்த சிறு துகளில் மட்டும் சோதிக்க வேண்டும். கரைப்பான் எதையும் வீட்டில் தொடக் கூடாது, வஸ்தான் அம்பரைக் கரைத்தது ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்ற கைகள். எடுப்பதற்கு முன் இடத்தைப் படம்பிடித்து, கரி அடுக்கின் மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே இருந்தது என்பதை அளந்து எழுதிவைக்க வேண்டும். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத அம்பருக்கு வயது சொல்ல முடியாது. பிறகு துண்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் போட்டு, வெயில் படாமல் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சால் ஒவ்வொன்றையும் நாலா பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்.